ஐந்தாம் அத்தியாயம்

தர்ஷினியின் நாயகன் இப்போதுதான் காரை விட்டு இறங்கிக்கொண்டிருந்தான். அவன் முழுசாக இறங்கி முடிக்க இன்னும் ஒரு பக்கமாவது பிடிக்கும். முதலில் பளபளப்பான ஷூ வரும், அப்புறம் முழங்கால், அப்புறம் மடித்துவிட்ட சட்டைக் கை, கடைசியாகத்தான் முகம், அதிலும் கூலிங்கிளாஸைக் கழற்றிய பிறகுதான் கண். அதுவரைக்கும் மழை வானத்திலேயே நிற்கும், நாயகி நனையாமல் பஸ் ஸ்டாப்பில் நிற்பாள். நிற்கட்டும், அவன் சாயங்காலம் வரைக்கும் இறங்கட்டும் என்று அகிலாண்டேஸ்வரி நினைத்துக்கொண்டாள். தர்ஷினி வாசித்து முடித்ததும் மைக்குக்குப் போகவேண்டியவள் அவள்தான். மடியில் தாள்கள் இருந்தன, நேற்று மாலை எழுதிய ஐந்தாம் அத்தியாயம். ஏற்காட்டு மலைமேல் இந்த விடுதியில் ஒரு வாரமாகக் காதல் நாவல் எழுதக் கற்றுக்கொண்டிருந்தார்கள். அதிகாலையில் தியானம், அப்புறம் இட்லி, அப்புறம் காதல், மத்தியானம் சாப்பாடு, மறுபடியும் காதல். இன்று கடைசி நாள் என்பதால் வீட்டு மனிதர்களையும் வரச்சொல்லியிருந்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் ஐந்தாம் அத்தியாயத்தை எல்லார் முன்னாலும் வாசிக்கவேண்டும். ஏன் ஐந்தாம் அத்தியாயம் என்றால், அதில்தான் நாயகன் நாயகியை அடிப்பான். இது மதுரிமாவின் கணக்கு. மதுரிமாதான் வகுப்பு எடுக்கிறவள், மாத நாவலாக வந்து குவிந்த அவள் புத்தகங்களை வாங்காத பஸ் ஸ்டாண்டு கடை தமிழ்நாட்டில் கிடையாது. முதல் அத்தியாயத்தில் மோதல், மூன்றில் கட்டாயத் தாலி, தாலி ஏறிவிட்டால் அப்புறம் தொட்டாலும் தப்பில்லை, ஐந்தில் அடி, ஆறிலிருந்து முப்பது வரைக்கும் மன்னிப்பு. சாம்பாருக்குப் பருப்பு மாதிரி அடி என்றாள் முதல் நாளே. எல்லோரும் சிரித்தார்கள், அகிலாண்டேஸ்வரியும் சிரித்தாள், சிரித்ததை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

பின்னால் யாரோ இருமினார்கள். அவள் வீட்டுக்காரர் தட்சிணாமூர்த்தியின் இருமல்தான், அது எந்தக் கூட்டத்திலும் தெரியும். திரும்பிப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை, கடைசி வரிசையில் நடுநாற்காலியில் உட்கார்ந்து, போனைப் படுக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, அவள் முறை வருவதற்கு முன்னாலேயே சோதனைக்காகப் படம் எடுத்துக்கொண்டிருப்பார். மத்தியானத்துக்கு மேல்தான் வருவேன் என்றவர் காலை டிபனுக்கே வந்து நின்றார், கையில் பிளாஸ்கும் ஒரு டப்பா கைமுறுக்கும். வந்த கையோடு முறுக்கை எல்லார் தட்டிலும் வைத்தார். கூட்டுறவுத் துறையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர், யாரிடம் போனாலும் அரை நிமிஷத்தில் உறவு வைத்துவிடுவார். நம்ம வீட்டம்மா எப்பவும் ஏதாச்சும் கிறுக்கிக்கிட்டேதான் இருப்பா, நான்தான் போ போன்னு அனுப்பிவச்சேன் என்றார். அது உண்மைதான், அவர்தான் அனுப்பினார், பிள்ளைகள் இரண்டும் வெளிநாடு போய் வீடு வெறிச்சென்று ஆனபிறகு, நீ ஆசைப்பட்டதைச் செய்யேன் அகிலா என்று அவரே போனில் தேடிப் பதிவும் செய்தார். நல்ல மனுஷன். ஊரே சொல்லும். அவளும் சொல்லுவாள், சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகிவிட்டது. அப்புறம், காபிக்குச் சர்க்கரை போட்டுக்கொண்டே, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தர்ஷினியிடம் சொன்னார், "எங்க வீட்டம்மாகிட்ட இடது பக்கமா நின்னு பேசாதம்மா, அந்தக் காது கேக்காது அவளுக்கு. கல்யாணம் ஆன புதுசுல பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா." சொல்லிவிட்டு அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார், "என்ன, செவிட்டு மகாராணி?" தர்ஷினி அய்யோ பாவம் என்றாள். அகிலாண்டேஸ்வரி இட்லியைச் சட்னியில் தோய்த்தாள். தேங்காய்ச் சட்னியில் உப்பு ஒரு கல் குறைவு.

பாத்ரூமில் வழுக்கி. அந்த வாக்கியத்தை எத்தனை தரம் கேட்டிருப்பாள், டாக்டரிடம், மாமியாரிடம், பிள்ளையின் பள்ளிக்கூடத்தில், கல்யாண வீடுகளில், காது மெஷின் விற்கவந்தவனிடம். முதலில் அவர் சொன்னபோது குரல் நடுங்கியது. இரண்டாவது தரம் நடுங்கவில்லை. பிறகு எப்போதோ அவரே அதை நம்ப ஆரம்பித்துவிட்டார், சோப்பு நுரை இருந்தது, நான்தான் ஓடிப்போய்த் தூக்கினேன் என்று புதிது புதிதாகச் சேர்க்கவும் ஆரம்பித்தார். கதை எழுத இவரைத்தான் அனுப்பியிருக்கவேண்டும். உறையூரில் அந்த ஒண்டுக்குடித்தன வீட்டில் பாத்ரூமே கிடையாது. கொல்லையில் கிணற்றடி, அதற்குக் கீற்று மறைப்பு, கீழே சொரசொரப்பான கருங்கல், வழுக்கவேண்டும் என்று பிரயத்தனப்பட்டாலும் வழுக்காது. இல்லாத பாத்ரூமில் எப்படி வழுக்கி விழுவது. இதை ஒருத்தராவது கேட்கவேண்டாமா, அந்த வீட்டுக்கு வந்துபோன சொந்தக்காரர்கள் எத்தனை பேர், கிணற்றடியில் நின்று குளித்தவர்கள் எத்தனை பேர், அத்தனை பேரும் அய்யோ பாவம் பாத்ரூமிலா என்றார்கள். அவளும் தலையை ஆட்டினாள். தலையை ஆட்டினால் உள்ளே கொய்ங் என்று ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தம் ஒரு மாதம் இருந்தது, பிறகு அதுவும் போய்விட்டது. தர்ஷினியின் நாயகன் கூலிங்கிளாஸைக் கழற்றிவிட்டான். பூனைக்கண். எல்லாருக்கும் பூனைக்கண்தான், இந்த வாரம் முழுக்க இந்த ஹாலில் பூனைக்கண் இல்லாத ஆண்பிள்ளை ஒருவன் நடமாடவில்லை.

அகிலாண்டேஸ்வரியின் நாயகனுக்கு முதலில் பூனைக்கண் இல்லை. அடியும் இல்லை. அவள் முதலில் எழுதிக்கொண்டு வந்த ஐந்தாம் அத்தியாயத்தில் விக்ராந்துக்கும் வசுமதிக்கும் சண்டை வரும், அவன் கோபத்தில் எழுந்துபோய்ச் சமையலறையில் பாத்திரம் துலக்குவான், துலக்கத் துலக்கக் கோபம் இறங்கும், அவள் வந்து துடைத்து அடுக்குவாள். எழுதும்போது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மதுரிமா அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிக்கொண்டாள். "மேடம், உங்க கை மாதிரி கை இந்தக் கேம்ப்ல யாருக்கும் கிடையாது. ஆனா பாத்திரம் துலக்கறவனை எவ காசு குடுத்துப் படிப்பா? அதுதான் வீட்டுலயும் கிடையாதே, கதையில வந்தா நம்பவேமாட்டாங்க." நியாயமாகத்தான் பட்டது. "அடி விழணும் மேடம். அடி விழாட்டா மன்னிப்பு எங்கேர்ந்து வரும்? மன்னிப்பு இல்லாட்டா மீதி இருபத்தஞ்சு அத்தியாயத்துக்கு என்ன பண்ணுவீங்க, பாத்திரம் துலக்குவீங்களா?" மதுரிமா கெட்டவள் இல்லை. டைப் அடித்து டைப் அடித்து மணிக்கட்டு வீங்கி அதற்கு ஒரு பட்டை போட்டுக்கொண்டிருக்கிறாள், குடித்துவிட்டு ஓடிப்போன புருஷன் இல்லாமல் இரண்டு பெண்களைப் படிக்கவைக்கிறாள், மலைக்குளிரில் அகிலாண்டேஸ்வரி இருமினால் அவளே வெந்நீர் கொண்டுவந்து வைப்பாள். மதுரிமாவின் உண்மைப் பெயர் பாக்கியம். பாக்கியம் பட்டதெல்லாம் பட்டுவிட்டு மதுரிமா உட்கார்ந்து அடிவாங்குகிற பெண்களை எழுதுகிறாளே, அது எப்படி என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது, கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளும் தலையைத்தான் ஆட்டியிருப்பாள்.

நேற்று மாலை அடிக்குப் பயிற்சி. வட்டமாக நாற்காலி போட்டு எல்லோரும் அடி எழுதினார்கள். மதுரிமா நடுவில் நடந்துகொண்டே சொன்னாள், ஐந்து விரலும் பதியணும், ஆனா வீங்கக்கூடாது. மூக்குல ரத்தம் வரக்கூடாது, அசிங்கம், உதட்டோரம் ஒரு துளி வரலாம். அவ விழுந்தா மெத்தைமேல விழணும். அடிச்ச உடனே அவன் கையைப் பார்த்து அவனே திகைக்கணும், அப்பத்தான் வாசகி அவன் பக்கம் சாய்வா. சாயங்கால வெளிச்சத்தில் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பெண்கள் குனிந்து அடித்துக்கொண்டிருந்தார்கள், சமையல்கட்டில் பஜ்ஜி வாசனை. எழுதி முடித்து வாசித்தபோது பாதிப்பேர் ஒரே வரியை எழுதியிருந்தார்கள். வலித்தது கன்னமல்ல, மனம். ஒருத்தி வாசிக்க, அடுத்தவள் அய்யோ எனக்கும் அதேதான் என்று வாயைப் பொத்திக்கொள்ள, ஒரே சிரிப்பு. சிரிக்காமல் இருந்தவள் அகிலாண்டேஸ்வரி மட்டும்தான், ஏனென்றால் அவளும் அதையே எழுதியிருந்தாள். அவள் கை, யாருக்கும் கிடையாத கை, கேட்காமல் கொள்ளாமல் அந்த வரியை எழுதிவைத்திருந்தது. அது மட்டுமா, அடி, உதட்டோரம் ஒரு துளி, அவன் திகைப்பு, பிறகு சாயங்காலம் அவன் ஒரு பந்து மல்லிகைப்பூவோடு வந்து பேசாமல் நிற்பது, அவள் திரும்பிப் பின்னலைக் காட்டுவது, எல்லாம் வழுக்கிக்கொண்டு வந்தது, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. மதுரிமா கைதட்டினாள். இன்றைக்குச் சென்னையிலிருந்து பதிப்பாளரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், வாசிப்பு முடிந்ததும் ஒரு நாவலைத் தேர்ந்தெடுத்து அச்சுக்குக் கொண்டுபோவார், அது உங்களுதுதான் மேடம், நேத்தே பேசிட்டேன், அந்தப் பூ சீனை மட்டும் மாத்திடாதீங்க என்று மதுரிமா காதோடு சொன்னாள். நல்லவேளை, வலது காதோடு. அட்டையில் பெயர், அகிலாண்டேஸ்வரி. ஐம்பத்துநாலு வயசில் பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப் போட்டுத் தொங்கும். ஆசையாகத்தான் இருந்தது, இல்லை என்று யாரிடம் பொய் சொல்ல. ஆசைப்பட்டால் என்ன தப்பு.

பூ வந்தது, அதுதான் விஷயம். உறையூர் வீட்டில் அடுப்பில் பால் பொங்கி வழிந்த அன்றைக்கும் சாயங்காலம் பூ வந்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு அவள் மாத நாவலின் கடைசிப் பக்கங்களில் இருந்தாள், வாடகை நூலகத்துப் புத்தகம், அட்டை கிழிந்து காக்கித்தாள் ஒட்டியது. அதிலும் ஒருத்தன் ஒருத்தியை அடித்திருந்தான், அதிலும் மன்னிப்பு நடந்துகொண்டிருந்தது, இன்னும் ஒரு பக்கத்தில் அவன் கண்கலங்கப்போகிறான், அந்த இடத்தில் பால் சுர்ரென்று இறங்கியது. தட்சிணாமூர்த்தி பாதி முகச்சவரத்தோடு வந்தார். முகத்தின் ஒரு பக்கம் நுரை. அவர் சொன்னாரே சோப்பு நுரை, நுரை அவர் முகத்தில்தான் இருந்தது. என்ன பண்ணிட்டிருக்கே என்று கேட்டார், கேள்வி முடிவதற்குள் கை வந்துவிட்டது. ஐந்து விரல் பதிந்ததா என்று அவள் பார்க்கவில்லை, கண்ணாடியை அவரல்லவா வைத்திருந்தார். மெத்தைமேல் விழவில்லை, மெத்தை எங்கே இருந்தது, அம்மிக்கல்மேல் தோள் இடித்தது. வலித்தது கன்னம்தான். பிறகு காது. மனசு அந்த நேரத்தில் எங்கே இருந்தது என்றே தெரியவில்லை, மனசு வலிக்க நேரம் எடுக்கும், முதலில் கன்னம்தான் வலிக்கும், எலும்புவரைக்கும் வலிக்கும். இதைக்கூடவா ஒருத்தி எழுதமாட்டாள். அப்புறம் ஊர் முழுக்கச் சத்தம் குறைந்துபோனது, அவர் வாய் அசைவது தெரிகிறது, பால் அடுப்புமேல் தீய்கிற நாற்றம் வருகிறது, சத்தம் பாதிதான் இருக்கிறது. டாக்டர் ஒரு குழலை விட்டுப் பார்த்துவிட்டு ஜவ்வு கிழிஞ்சிருக்கு, எப்படி என்று கேட்டார், அவளைத்தான் கேட்டார். பதில் அவள் வலது பக்கத்திலிருந்து வந்தது. பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா டாக்டர்.

அதுவரைக்கும்கூடப் போகட்டும். சாயங்காலம் அவள் என்ன செய்தாள்? முகம் கழுவி, தலை பின்னி, வேறு புடவை கட்டிக்கொண்டு, காதில் பஞ்சோடு வாசற்படியில் உட்கார்ந்தாள். பூவுக்காகக் காத்திருந்தாள். இன்றைக்கு நிச்சயம் பூ வரும் என்று அவளுக்குத் தெரியும், படித்திருந்தாளே, அத்தனை நாவலிலும் அடித்தவன் பூவோடுதான் வருவான், அவர் அந்த நாவல்களில் ஒன்றையும் படித்ததில்லை, ஆனாலும் பூவோடு வந்தார். அவள் திரும்பிப் பின்னலைக் காட்டினாள். காட்டியபோது கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது, அடியை நினைத்து அல்ல. மறுநாள் பாலில் நனைந்த புத்தகத்தை வெயிலில் காயவைத்து, ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிரித்துப் பிரித்துக் கடைசிப் பக்கத்தையும் படித்து முடித்தாள். அதற்கப்புறம் அவர் ஒருநாளும் கை ஓங்கியதில்லை, அதையும் சொல்லவேண்டும், பொய் எதற்கு. ஓங்காததனாலேயே பேச்சு முடிந்துபோனது. இன்னொரு தரம் அடித்திருந்தாலாவது ஒரு பெயர் வைத்திருக்கலாம், ஒரே ஒரு தரம் நடந்ததற்கு என்ன பெயர் வைப்பது, பாத்ரூம் என்றுதான் பெயர். இந்த ஹாலில் யாருக்கும் தெரியாது. மேடைக்குப் போய் இந்தத் தாள்களை வாசித்துவிட்டு வந்தால் அவர் படம் எடுப்பார், சாயங்காலம் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுவார், எல்லோரும் கட்டைவிரல் காட்டுவார்கள். பாத்ரூமுக்கு மேல் இன்னொரு பூச்சு. இந்தத் தரம் அவள் கையாலேயே.

தர்ஷினியின் போன் நாற்காலிமேல் உறுமியது. வாசிக்கப் போனவள் வைத்துவிட்டுப் போயிருந்தாள், திரையில் இதயம் போட்ட ஒரு பெயர். ஒரு வாரமாக அது இப்படித்தான் உறுமுகிறது. அவளுக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது, தை மாதம் கல்யாணம், மாப்பிள்ளை சேலத்தில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். முதல் நாள் வீடியோ காலில், இவர்கள் இரண்டு பேரும் தங்கிய ரூம் முழுக்கச் சுற்றிக் காட்டச்சொன்னான், கதவுக்குப் பின்னால் உட்பட. அகிலாண்டேஸ்வரி கட்டிலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் சரி தூங்கு என்றான். "ரொம்பப் பொசசிவ் ஆன்ட்டி, என் கதைக்கெல்லாம் அவர்தான் ஹீரோ," என்று தர்ஷினி வெட்கப்பட்டாள். இணையத்தில் தொடர்கதை எழுதுகிற பெண், நாயகன் அடிக்கிற அன்றைக்குத்தான் கமென்ட் பிய்த்துக்கொண்டு போகும் என்று சொன்னவள். இருபத்துமூன்று வயசு, சிரித்தால் இரண்டு கன்னத்திலும் குழி. நேற்றுப் பயிற்சி முடிந்து ரூமுக்கு நடந்தபோது, எல்லாரும் அடி பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்த ஜோரில் அவளும் சொன்னாள். "எங்காளும் ஒரே ஒரு தடவை கை ஓங்கிட்டார் ஆன்ட்டி. ஃப்ரெண்டு கல்யாணத்துக்குச் சொல்லாம போயிட்டேன்னு. அடிக்கவெல்லாம் இல்ல. அப்புறம் அவருக்கே தாங்கல, ராத்திரியோட ராத்திரியா இவ்ளோ பெரிய டெடி பேர் வாங்கிட்டு வந்து நின்னார் பாருங்க." இரண்டு கையையும் விரித்து அளவு காட்டினாள். அந்த முகத்தை அகிலாண்டேஸ்வரிக்குத் தெரியும். கண்ணாடியில் பார்த்திருக்கிறாள், வேறு புடவை கட்டிக்கொண்ட ஒரு சாயங்காலத்தில். பூ இப்போது பொம்மை ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். ஏதாவது சொல்லியிருக்கவேண்டும். மழை வர்ற மாதிரி இருக்கு, வேகமா நட என்றுதான் சொன்னாள்.

கைதட்டல். தர்ஷினியின் நாயகன் காரிலிருந்து இறங்கி, மழையில் நனைந்து, அவளை அடித்து, அவனே திகைத்தும் முடித்துவிட்டான். தர்ஷினி ஓடிவந்து வலது பக்க நாற்காலியில் உட்கார்ந்து, எப்டி ஆன்ட்டி என்று கேட்டாள். குழி விழுந்தது. இடது ஓரத்து நாற்காலியைத்தான் அகிலாண்டேஸ்வரி எப்போதும் பிடிப்பாள், அங்கே உட்கார்ந்தால் உலகம் முழுக்க வலது பக்கத்தில் இருக்கும். எழுந்தாள். தாள்களோடு மேடைக்குப் போனாள். பதிப்பாளர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார். மைக் அவள் உயரத்துக்கு இல்லை, மதுரிமாவே வந்து இறக்கிவிட்டு, தோளைத் தட்டி, கலக்குங்க மேடம் என்றாள். கடைசி வரிசையில் போன் உயர்ந்தது. அதற்குப் பின்னால் அவர் சிரிப்பு பாதி தெரிந்தது. அகிலாண்டேஸ்வரி வாசிக்க ஆரம்பித்தாள்.

முதல் பக்கம் எழுதியபடியே போனது. விக்ராந்த் ஆறடி ரெண்டங்குலம், பங்களா, நாய், கோபம். இரண்டாம் பக்கத்தின் கீழே அடி இருந்தது. அதுவரை வாசித்தாள், அவன் கை அவள் கன்னத்தில் இறங்கியது என்றும் வாசித்தாள். அடுத்த வரி தாளில் தயாராக இருந்தது, வலித்தது கன்னமல்ல. நாக்கு அதன்மேல் ஏறமாட்டேன் என்றது. முன்வரிசையில் இரண்டு மூன்று பேர் அந்த வரியை உதட்டுக்குள் சொல்லிக்கொள்வதுகூடத் தெரிந்தது. அவள் தாளை மடித்தாள். "வலித்தது. கன்னம்தான் வலித்தது," என்றாள். அவள் குரல் ஸ்பீக்கரிலிருந்து அவளுக்கே திரும்பி வந்தது, வலது பக்கமாக. அப்புறம் நிறுத்தவில்லை. அவன் முகத்தில் ஒரு பக்கம் சவர நுரை இருந்தது என்றாள். அடுப்பில் பால் தீய்ந்துகொண்டிருந்தது என்றாள். வசுமதி அம்மிக்கல்மேல் விழுந்தாள். பங்களாவில் ஏது அம்மிக்கல் என்று யாரோ கிசுகிசுத்தார்கள், பங்களா எப்போதோ போய்விட்டிருந்தது, ஓட்டு வீடு, ஒண்டுக்குடித்தனம், கொல்லையில் கிணறு. இடது காதுக்குள் ஒரு ஊதல், ஊர்ச்சத்தம் பாதியாகக் குறைந்தது. டாக்டர் குழலை விட்டுப் பார்த்துவிட்டு எப்படி என்று கேட்டார். "வசுமதி வாயைத் திறப்பதற்குள் விக்ராந்த் சொன்னான், பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா டாக்டர். அந்த வீட்டில் பாத்ரூமே கிடையாது." யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரித்தது ஒருத்திதான், அதுவும் பாதியில் நின்றுவிட்டது. தர்ஷினி சிரிக்கவில்லை. அவள் மெதுவாகத் தலையைத் திருப்பி, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, கடைசி வரிசையைப் பார்த்தாள். காலையில் முறுக்கு வாங்கிக்கொண்ட இன்னும் ஒருத்தி திரும்பினாள். உயர்ந்திருந்த போன் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"சாயங்காலம் பூ வந்தது," என்று அகிலாண்டேஸ்வரி சொன்னாள். மதுரிமாவின் முகத்தில் உயிர் வந்தது. "அவன் பூவோடு வந்து வாசலில் நின்றான். வீடு பூட்டியிருந்தது. காலையிலேயே வசுமதி பஸ் ஏறிவிட்டாள், காதில் பஞ்சோடு." அவ்வளவுதான். சொன்ன பிறகு நெஞ்சு இத்தனை லேசாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் அப்போதே சொல்லியிருப்பாளே, யாரிடமாவது, கிணற்றிடமாவது. பதிப்பாளர் பேனாவை மூடினார். மூடட்டும். அட்டை, பெயர், பஸ் ஸ்டாண்டு கடைக் கிளிப் எல்லாம் அந்தப் பேனா மூடியோடு மூடிக்கொண்டதை அவள் பார்த்தாள், வலிக்கத்தான் செய்தது, ஆனால் கையில் இருந்த தாளை அவள் மறுபடி பிரிக்கவில்லை. மதுரிமா எழுந்தாள். "மேடம், மன்னிப்பு சீன்?"

"வராது."

"இன்னும் இருபத்தஞ்சு அத்தியாயம் இருக்கே மேடம்."

"அவதான் போயிட்டாளே பாக்கியம். அப்புறம் யாரை வச்சு எழுதறது? முற்றும்னு போட்டுக்கோங்க."

 மதுரிமா தன் மணிக்கட்டுப் பட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள், அவளை அந்தப் பெயரில் கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆகியிருக்குமோ. அகிலாண்டேஸ்வரி இறங்கி நடந்துவந்து தன் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தர்ஷினியின் போன் மறுபடியும் உறுமியது, அவள் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள், பதில் சொல்லவில்லை, கட் பண்ணவுமில்லை, உறுமி ஓயும்வரைக்கும் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அகிலாண்டேஸ்வரியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை சில்லென்று இருந்தது. பின்னால் நாற்காலி நகரும் சத்தம், பிறகு ஓரத்து நடைபாதையில் செருப்பு, தெரிந்த செருப்புதான். தட்சிணாமூர்த்தி பக்கத்தில் வந்து குனிந்தார். மூச்சு கழுத்தில் பட்டது, ஏதோ சொல்கிறார் என்று தெரிந்தது, நீளமாகச் சொன்னார். எல்லாம் இடது காதில். கெஞ்சலா, கோபமா, கதைதானே என்கிறாரா, ஒன்றும் தெரியவில்லை. இத்தனை வருஷமாகக் குரல் எந்தப் பக்கம் வந்தாலும் சட்டென்று தலையைத் திருப்பி வலது காதைக் கொடுத்தவள் அவள்தான். இன்றைக்குக் கழுத்து திரும்பவில்லை.

"அந்தக் காது கேக்காதுன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றாள், மைக் இல்லாமலேயே கடைசி வரிசைவரை போகிற குரலில். "சுத்திக்கிட்டு இந்தப் பக்கமா வாங்க. வந்து சத்தமா சொல்லுங்க. இந்தப் பொண்ணும் கேக்கட்டும்."